குவின்டால் நெல்லுக்கு ரூ.2,545... தெருவைக் கூட்டும் அக்காவுக்கு எவ்வளவு? டெண்டர் உறைக்குள் இருக்கும் கணக்கு!

தஞ்சாவூர் மாவட்டத்தில் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் விலை என்னவென்று தெரிந்துகொள்ளலாம். 2025-26 பருவத்துக்கு சன்னரகம் குவின்டால் ரூ.2,545. பொதுரகம் ரூ.2,500. இதில் மத்திய அரசின் ஆதார விலை எவ்வளவு, மாநில அரசின் ஊக்கத்தொகை எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். சன்னரகத்துக்கு 2,389 கூட்டல் 156. பொதுரகத்துக்கு 2,369 கூட்டல் 131.

அங்கே பிரச்னையே இல்லையா என்றால், இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்ற புகார் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. ஆனால், அந்தப் புகாரைத் தெளிவாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், விலை ஊரறிய இருப்பதுதான். வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, நடுவில் போனது இவ்வளவு என்று விவசாயி மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார்.

இப்போது அதே ஊரில், விடிகாலை 6 மணிக்குத் தெருவில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மாநகராட்சியின் நேரடி ஊழியர் இல்லை; ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். மாதம் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார். `உங்க ஒருத்தருக்காக மாநகராட்சி அந்த கம்பெனிக்கு மாசம் எவ்வளவு கொடுக்குது?' என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அவர் வேலை செய்யும் தெருவில் இருக்கும் நமக்கும் தெரியாது. இவ்வளவுக்கும் அந்தப் பணம் நம் வீட்டு வரியிலிருந்தும் அரசு நிதியிலிருந்தும் போவது.

டெல்டாவில் இது ஒரு சின்ன விஷயம் கிடையாது. 2014-ல் மாநகராட்சியான தஞ்சாவூரில் 51 வார்டுகள். 2021-ல் மாநகராட்சியான கும்பகோணத்தில் 48 வார்டுகள். இரண்டு ஊர்களிலும் குப்பை அள்ளுவதில் ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் வார்டு துடைப்பது முதல் வாசலில் காவல் நிற்பது வரையிலான வேலைகளும் ஒப்பந்த நிறுவனங்கள் கைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயல் வேலை நாள்கள் குறைந்துபோன குடும்பங்களுக்கு, நகரத்தில் கிடைக்கும் மாதச் சம்பளம் என்றால் இந்த வேலைதான். நடவுக்குப் போகும்போது இன்றைக்குக் கூலி எவ்வளவு என்று காலையிலேயே பேசிவிட்டுத்தான் வயலில் இறங்குவார்கள். பேண்ட் சட்டை மேஸ்திரி இருக்கும் வேலையில் அந்தப் பேச்சு நடப்பதில்லை.

சட்டம் இருக்கிறது... எதுவரை?

டெண்டருக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்ததில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். `தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை சட்டம்' 1998-ல் வந்தது. அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. பக்கத்து மாநிலமான கர்நாடகம் இதேபோன்ற சட்டத்தை 1999-ல் கொண்டு வந்தது.

நம் சட்டம் சொல்வதைக் கொஞ்சம் பார்ப்போம். டெண்டர் அறிவிப்பை மாநில அல்லது மாவட்ட டெண்டர் செய்தி மடலில் வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர் என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம். அதற்கு மேல் என்றால் 30 நாள். அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி எழுத்துபூர்வமாகக் காரணம் சொல்ல வேண்டும். உறைகளை டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். முடிவு ஆனதும், யாருக்குக் கிடைத்தது, மற்றவர்களை ஏன் நிராகரித்தோம் என்ற விவரமும் செய்தி மடலுக்குப் போக வேண்டும். முடிவில் குறை இருப்பதாக நினைக்கும் போட்டியாளர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த உரிமைகள் எல்லாம் யாருக்கு என்று பாருங்கள். போட்டியிடும் கம்பெனிகளுக்கு. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியால் ஏமாற்றப்படாமல் இருக்க இந்தச் சட்டம் உதவுகிறது. யாருடைய உழைப்பை வைத்து அந்த டெண்டரே போடப்படுகிறதோ, அந்தப் பணியாளருக்கு இதில் பேச இடமில்லை. சிமென்ட் வாங்குவதற்கும், பைப் வாங்குவதற்கும், மனிதர்களை வேலைக்கு எடுப்பதற்கும் ஏறக்குறைய ஒரே நடைமுறைதான்.

குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது சட்டத்தின் அடிப்படை விதி. பைப்புக்கு அது சரி. ஒரே தரத்தில் இருக்கும் பைப்பை ஒருவர் குறைந்த விலைக்குத் தந்தால் அரசுக்கு லாபம். ஆள் விநியோகத்தில் குறைந்த விலை என்றால் எதைக் குறைப்பார்கள்?

ஒரு பணியாளர், ஒரு மாதம், ஒரு கணக்கு

எளிதாகப் புரிய, ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த ஊரின் உண்மையான கூலியும் இல்லை, கணக்குப் போட ஒரு முழு எண், அவ்வளவுதான்.

26 நாள் வேலைக்கு 13,000 ரூபாய். இதன்மேல் நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப் மற்றும் அதைச் சார்ந்தவை 13 சதவிகிதம், அதாவது 1,690 ரூபாய். இ.எஸ்.ஐ 3.25 சதவிகிதம், 422 ரூபாய் 50 காசு. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதம், மாதக் கணக்கில் சுமார் 1,083 ரூபாய். ஆக, ஒருவருக்கு அரசு அலுவலகம் சுமார் 16,195 ரூபாய் கொடுத்தாக வேண்டும். சீருடை, கையுறை, நிறுவனத்தின் சேவைக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

அந்தப் பக்கம், பணியாளரின் 13,000-லிருந்து அவர் பங்கு பி.எஃப் 12 சதவிகிதமும் இ.எஸ்.ஐ 0.75 சதவிகிதமும் பிடிப்பார்கள். கையில் வருவது சுமார் 11,342 ரூபாய்.

16,195-க்கும் 11,342-க்கும் நடுவில் இருப்பது சுமார் 4,850 ரூபாய். அதில் ஒரு சின்னத் தொகை காப்பீட்டுக்கும் பி.எஃப் நிர்வாகச் செலவுக்கும் போகும். மற்றதெல்லாம் பணியாளருக்காகக் கட்டப்பட வேண்டிய பி.எஃப், ஓய்வூதியம், இ.எஸ்.ஐ மற்றும் வருடக் கடைசியில் அவர் கைக்கு வர வேண்டிய போனஸ். பி.எஃப் வகை மட்டும், இரண்டு பங்கும் சேர்த்து, ஒருவருக்கு மாதம் 3,250. 300 பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் 9,75,000 ரூபாய். இந்தப் பணம் கட்டப்பட்டதா இல்லையா என்பது சம்பள நாளில் யார் கண்ணுக்கும் தெரியாது. பெண்ணுக்குக் கல்யாணம் என்று பி.எஃப் பணத்தைக் கேட்கப் போகும்போதுதான் தெரியும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். கூலி சட்டப்படி நிர்ணயமானது. பி.எஃப், இ.எஸ்.ஐ விகிதம் மத்திய அரசு நிர்ணயித்தது. போட்டி போட மிச்சம் இருப்பது நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும்தான். அங்கே போட்டி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு மத்திய அரசின் அனுபவமே சாட்சி. சேவைக் கட்டணமே வேண்டாம், பூஜ்யம் போதும் என்று எழுதித் தரும் நிறுவனங்கள் இருந்ததால், 2014 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பூஜ்யம் என்று எழுதினால் அந்த ஒப்பந்தப்புள்ளியைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள் என்றது. பூஜ்யம் செல்லாதென்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதினால் போதுமே! 0.01 சதவிகிதம் என்று எழுதினால் நம் கணக்குப்படி ஒரு பணியாளருக்கு மாதம் 1 ரூபாய் 62 காசு. 300 பேருக்கு 486 ரூபாய். மேற்பார்வையாளர் சம்பளம், ஆபீஸ் வாடகை, வங்கி உத்தரவாதம் எல்லாவற்றையும் மாதம் 486 ரூபாயில் ஒரு கம்பெனி சமாளிக்கிறது என்று நம்ப வேண்டுமா?

பிறகு மத்திய அரசின் `ஜெம்' கொள்முதல் தளத்தில், ஆள் விநியோகத்துக்குக் குறைந்தபட்ச சேவைக் கட்டணம் 3.85 சதவிகிதம் என்று வைத்தார்கள். நம் உதாரணத்தில் அது ஒருவருக்கு சுமார் 623 ரூபாய், 300 பேருக்கு 1,87,000 ரூபாயை ஒட்டி வரும். ஒரு நிறுவனம் நேர்மையாக நடக்க ஏதோ வழி இருக்கிற தொகை. ஆனால் எல்லோரும் அதே 3.85-ஐ எழுத ஆரம்பித்தால், கடைசியில் யாருக்கு என்பதைக் கணினிக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. விலையில் போட்டி முடிந்துபோன இடத்தில், போன ஒப்பந்தத்தில் பி.எஃப் ஒழுங்காகக் கட்டினாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

நேர் வழியில் லாபம் இல்லையென்றால் வேறு வழிகளைத் தேடுவார்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம் நடந்த இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார்கள்தாம் அந்த வழிகள். பிடித்த பி.எஃப்-ஐக் கட்டாமல் விடுவது. பதிவேட்டில் ஒரு எண்ணிக்கை, தெருவில் ஒரு எண்ணிக்கை. சம்பளத் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருப்பது. உள்ளாட்சி தூய்மைப் பணிக்கான குறைந்தபட்ச ஊதியம் குறித்து 11.10.2017-ல் தொழிலாளர் துறை அரசாணை எண் 62 வந்தது. அதை அமல்படுத்துங்கள் என்று தொழிற்சங்கங்கள் இன்னும் பல ஊர்களில் கோஷம் போட்டுக்கொண்டிருக்கின்றன. 2022 அக்டோபரில் வந்த நகராட்சி நிர்வாகத் துறையின் அரசாணை 152, மாநகராட்சிகளில் வெளி முகமை வழியாக ஆள் எடுப்பதற்கு இன்னும் அகலமாகக் கதவைத் திறந்தது. அதை ரத்து செய்யச் சொல்லியும் போராட்டங்கள் நடந்தன.

சென்னையில் நடந்தது

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதுதான் காரணம். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம், கம்பெனிக்குப் போனால் 16,000 அளவுக்குக் குறையும் என்றார்கள் பணியாளர்கள். ஆகஸ்ட் 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், அவர்கள் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

தனியார்மயம் சரியா, தப்பா என்ற விவாதத்தை இங்கே நான் தொடவில்லை. வேறொன்றைப் பாருங்கள். டெண்டர் போட்டு, நிறுவனம் முடிவாகி, மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, வேலை கைமாறும் நாளில்தான் `சம்பளம் எவ்வளவு' என்பது சண்டையாக வெடித்தது. ஒரு பணியாளருக்கு மாதம் இவ்வளவு ஊதியம், இதற்குக் கீழே போகக் கூடாது என்ற ஒற்றை வரி டெண்டர் அறிவிப்பு நாளிலேயே செய்தித்தாளில் வந்திருந்தால், அந்த வாக்குவாதம் பல மாதங்களுக்கு முன்பே, மன்றக் கூட்டத்திலேயே நடந்திருக்கும்.

அதே ஆகஸ்ட் 19-ம் தேதி, உத்தரப்பிரதேச அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தொட்டது. நிரந்தரமான வேலைகளை வருடக்கணக்காகத் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டிவிட்டு, வெளி முகமையைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்ற பொருளில் அரசுகளைக் கண்டித்தது.

வேறு மாநிலங்கள் என்ன செய்கின்றன? ஆந்திரா 2020 ஜூலை 3-ல் `ஆப்காஸ்' என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, இடைத்தரகர் இல்லாமல் வெளி முகமைப் பணியாளர்களுக்கு நேரடியாகச் சம்பளம் போட்டது. உத்தரப்பிரதேசம் 2025 செப்டம்பரில் தனிக் கழகம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்து, மாதம் 16,000 முதல் 20,000 ரூபாய் வரை வங்கிக் கணக்கிலேயே போடப்படும் என்று அறிவித்தது. ஏன், நம்மிடமே முன்னாள் ராணுவத்தினருக்கான `டெக்ஸ்கோ' 1986-லிருந்து அலுவலகங்களுக்குக் காவலர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இவை குறையில்லாத ஏற்பாடுகள் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் இவ்வளவு என்று வெளியே சொல்லும் பழக்கம் மட்டும் இவற்றில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கொள்முதல் விஷயத்தில் இன்னும் துணிச்சலாகப் போனது உக்ரைன். `புரோசோரோ' என்ற இணையதளத்தில் அங்கே யார் என்ன விலை கேட்டார் என்பதிலிருந்து கையெழுத்தான ஒப்பந்தம் வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்கள் போனிலேயே பார்க்க முடிவது

இதில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. பி.எஃப் அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று உண்டு. லாகின் தேவையில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு பி.எஃப் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும். ஒரே கம்பெனி பல ஊர்களில் வேலை எடுத்திருந்தால் எல்லாம் ஒரே எண்ணில் கலந்துவரலாம் என்பது ஒரு சிக்கல். ஆனாலும், மூன்று ஊர்களில் டெண்டர் எடுத்த நிறுவனம் மொத்தமே 80 பேருக்குத்தான் பி.எஃப் கட்டுகிறது என்றால் சந்தேகப்பட அதுவே போதும்.

பணியாளர்கள் தங்கள் கணக்கை `உமங்' செயலியில் பார்க்கலாம். யு.ஏ.என். எண்ணுடன் இணைத்த மொபைலிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு எஸ்.எம்.எஸ்ஸில் வரும். உங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு இதைச் செய்து காட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை போதும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். `டெண்டர் விவரம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒப்பந்தத்தில் ஒரு பணியாளருக்குக் கணக்கிட்ட நாள் கூலி, பி.எஃப், இ.எஸ்.ஐ, போனஸ், சேவைக் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு, கடந்த ஆறு மாதங்களில் மாதம் எத்தனை பேருக்கு பில் தரப்பட்டது, அந்த பில்லோடு இணைத்த பி.எஃப் செலான் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். பணியாளர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க வாய்ப்பிருக்கிறது. 2025 நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த வாய்ப்பு கூடியிருக்கிறது. எண்ணிக்கையையும் தொகையையும் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. `வணிக ரகசியம்' என்று பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். முடிந்துபோன டெண்டரில் பொதுப் பணம் போகும் கணக்கை ரகசியம் என்று சொல்லி நிற்பது கஷ்டம்.

பணியாளருக்குச் சம்பளம் தராமல் நிறுவனம் இழுத்தடித்தால், `அது கம்பெனி பிரச்னை' என்று அலுவலகம் கைகழுவ முடியாது. கம்பெனி தராத கூலியை முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட அலுவலகம், கொடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அந்தத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மைய வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, துப்புரவு, காவல், ஏற்றி இறக்குவது போன்றவை மைய வேலை ஆகாது என்று விலக்கு தருகிறது. நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் விலக்கு கிடையாது. ஊரைச் சுத்தமாக வைப்பது மாநகராட்சியின் மைய வேலையா, இல்லையா? இனி நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி நிறைய கேட்கும்.

வார்டு கவுன்சிலரை மறந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் மன்றத்தில் தீர்மானமாக வருகிறது. கூட்டத்துக்கு முன்பே அந்தப் பொருள் பட்டியல் கவுன்சிலர் கையில் இருக்கும். 2022-ல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்களில் தெருவிளக்கு, சாக்கடைக்கு அடுத்ததாக இதையும் கேட்கலாம். நம் வார்டுக்கு எத்தனை தூய்மைப் பணியாளர்களுக்கு பில் போகிறது என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை தெருவில் எண்ணிப் பார்த்தால் போதும்.

கும்பகோணத்துக்கு இது கூடுதல் அவசரம். 2016 பிப்ரவரிக்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. குளத்தைச் சுற்றியும் காவிரிக் கரையிலும் லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் அந்த நாள்களுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள்களைக் கூட்டி வர வேண்டியிருக்கும். குறுகிய காலம், நிறைய ஆள், அவசரம் என்ற மூன்றும் சேரும் டெண்டர் அது. அவகாசத்தைக் குறைக்கக் காரணம் தயாராக இருக்கும். வேலை முடிந்த மறுநாள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிடும் பணியாளர்கள் திரும்பி வந்து கணக்குக் கேட்பதும் நடக்காத காரியம். அவர்கள் தங்கவைக்கப்படும் மண்டபத்தின் வாசலில், நாள் கூலி இவ்வளவு, சாப்பாடு இன்னார் பொறுப்பு, பணம் வராவிட்டால் கூப்பிட வேண்டிய எண் இது என்று கொள்முதல் நிலையத்தில் இருப்பதுபோல ஒரு பலகை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டர் ஆவணத்திலேயே சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.